ஊசி

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டால் இவள் இன்று பந்தெறிந்துவிடுவாள். பிறகு என்னைப் போல கையைத் தூக்க முடியாமல், தன் தலையைப் பின்ன இன்னொருத்தியின் கையைத் தேடுவாள் என்று நினைத்தாள் பேஸ்பால் கோச் எஸ்தர்.

பிளஸ் டூ இசக்கியம்மாள் வீங்கிய தோளோடு நின்றாள்.

"போடச் சொல்லுங்க மிஸ். இன்னைக்கு ஆடலைன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டா காலேஜ் சீட்டு போயிரும்."

"வேண்டாம்ட்டி."

"காலேஜ்ல நீங்க போட்டுக்கிட்டுதான ஆடுனீங்க? அந்தக் கப்பு ஜெயிச்சுதான இந்த வேலை கெடைச்சிச்சு? எனக்கு மட்டும் என்னவாம்?"

உண்மைதான். போட்டால் கை போகும், போடாவிட்டால் படிப்பு போகும். கொடுப்பதற்கு மூன்றாவதாக ஒன்று எஸ்தரிடம் இல்லை.

"என்ன மிஸ், போட்டுறவா?" என்றார் ஊசியோடு காத்திருந்த டாக்டர்.

எஸ்தர் தலையசைத்து மறுத்தாள். பந்தை இறுகப் பிடித்திருந்த இசக்கியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.