முக்காலியை நொண்டியாக்கிய சிரிப்பு

மகள் தந்த விலாசத்தைக் காட்டியதும், “மனசு டாக்டரா? நம்ம பழைய போட்டோ ஸ்டூடியோதாண்ணே, மாடிக்குப் போங்க,” என்கிறார் கீழ்க்கடைத் தையல்காரர். மனைவி இறந்தபின் அவளைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத பஸ் கண்டக்டர் படியேறுகிறார். கல்யாணப் படம் எடுத்த அதே அறை. அதே ஜன்னல், அதே மஞ்சள் வெயில். அன்று, “மூச்சு விடாதீங்க!” என்று போட்டோக்காரர் அதட்ட, அவள் சிரித்த சிரிப்பில் கேமராவின் முக்காலியே நொண்டியாகிவிட்டது, கடைசிவரை அது நேராக நிற்கவில்லையாம். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, முதுகை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். கன்னம் உப்புகிறது. “மூச்சு விடுங்கப்பா,” என்கிறார் எதிரே இருக்கும் ஆலோசகர், மகள் வயதுக்காரி. “கொஞ்சம் பொறும்மா,” என்கிறார் கண்டக்டர். “அவ சிரிச்சு முடிக்கட்டும்.”