செத்தவங்க இருமலாமா?

தையல்கடை ஜன்னல் வழியாக வெயில் மெஷின்மேல் சாய்ந்து விழுகிறது. தையல்காரி ஆறாவது தடவையாகக் கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறாள்: "சாகும்போது எங்கம்மா கொடுத்துட்டுப் போனது இந்த மெஷின் மட்டும்தான்..." திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து இருமல் வருகிறது. கடைக்கு விளம்பரப் படம் எடுக்கும் தங்கை கணவர் தலையில் அடித்துக்கொள்கிறார். "அத்தை, செத்தவங்க இருமலாமா?" உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் அம்மா விடுவதாயில்லை. "மாமியாரை அனுப்பிவைக்க வேற சாக்கு கிடைக்கலையா மாப்பிள்ளை?" தையல்காரிக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறுகிறது. "போதும் தம்பி. உசிரோட இருக்கிறவங்களை இப்படிச் சொன்னா ஆண்டவனுக்கே அடுக்காது." அவரும் சலித்துக்கொள்கிறார். "கதை இல்லாம யாரு திரும்பிப் பார்க்கிறாங்க அக்கா? எதிர்ல ரெடிமேட் கடை வந்ததிலிருந்து இங்க எத்தனை பேர் படியேறினாங்க, சொல்லுங்க." ஆணியில் தொங்கும் அளவு நாடா மின்விசிறிக் காற்றில் சும்மா ஆடுகிறது. "சொல்லிடுடி," என்கிறாள் அம்மா. "நீ சொல்றதாலயா சாகப்போறேன்? கடை ஓடினாச் சரி."

ஏழாவது தடவை. "சாகும்போது எங்கம்மா..." திரை விலகிய இடைவெளியில் அம்மா தெரிகிறாள். பட்டன் பாதி தைத்த சட்டையால் வாயைப் பொத்தி, அடக்கிய இருமலில் தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, மேலே சொல்லு என்று மகளுக்குக் கையாட்டுகிறாள். தையல்காரி அந்த வரியை விட்டுவிட்டுக் கைப்பேசியை நேராகப் பார்க்கிறாள். "எங்கம்மா உள்ளேதான் இருக்காங்க. இங்க தைக்கிற சட்டைக்கெல்லாம் அவங்கதான் பட்டன் வைப்பாங்க. சட்டை கிழிஞ்சாலும் அந்தப் பட்டன் விழாது." தங்கை கணவர் வாயைத் திறக்குமுன் திரைப்பக்கம் திரும்புகிறாள். "நீ நல்லா இருமும்மா."