துரை விட்டுப்போன சிங்கர்

"சிங்கர் எனக்குத்தான் ஐயா! வேற யாராச்சும் அதுமேல கைய வச்சா நடக்குறதே வேற!"

"ஆமா, இவரு பெரிய ஜமீன்தாரு! எனக்குன்னு துரை எழுதி வச்சதை இவரு தூக்கிக்கிட்டுப் போவாராம்!"

டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ் வாசலில் காலையிலேயே கூட்டம். கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டிய பெண்கள்கூட கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். முதலில் கத்தியது பங்களா சமையல்காரன் வீரய்யா. பதிலுக்குக் கத்தியது அதே பங்களாவில் வீட்டு வேலை பார்த்த டோரீன். நடுவில் பெரிய கிளாக்கர் யேசுரட்ணம் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு முழித்தார்.

துரை போன வாரம்தான் சீமைக்குக் கப்பலேறியிருந்தார். போகும்போது ஆபீஸுக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: 'என் சிங்கர், பங்களாவில் எனக்காக உழைத்தவருக்கு.' யாருக்கு என்று பெயர் போட மறந்துவிட்டார்.

சிங்கர் என்றதும் எல்லோர் கண்ணிலும், முன்னால் சிங்கர் என்று கம்பெனிப் பெயர் பொறித்த துரையின் சிவப்புக் கார்தான் வந்து நின்றது. இரண்டே சீட்டு. மேலே துணிக்கூரை, மழை வந்தால் உள்ளே குளம். ஹட்டனுக்குப் போக துரைக்கு வேறு கார் இருந்தது. இதை எடுத்தால் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்குவார். முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். எங்கேயும் போகாததற்கு எதற்கு பெட்ரோல் என்று தோட்டத்துக்குப் புரிந்ததே இல்லை. 'பழசாகப் பழசாகத்தான் இதற்கு மதிப்பு' என்று அவர் வேறு சொல்லியிருந்தார். தகரம் துருப்பிடித்தால் மதிப்பு எப்படி ஏறும் என்பதும் புரியவில்லை.

"நாலு வருசமா எண்ணெய் விட்டது யாரு? தொடச்சு வச்சது யாரு?" என்று வீரய்யா மார்பில் தட்டிக்கொண்டான்.

"தொடச்சா ஆச்சா? ஓட்டத் தெரியணும்ல! நீ ஓட்டினா கோணலாத்தான் போகும்!"

"யாரு, நானா? நூல் புடிச்ச மாதிரி போகும்டி! ஒனக்கு வேகந்தான் தெரியும். திரும்புற எடத்துல பதமா திருப்பத் தெரியுமா?"

"நான் ஒக்காந்தா எப்புடிப் பறக்கும்னு துரையக் கேட்டுப் பாரு!"

"கப்பல்ல போறவரை எங்க போய்க் கேக்குறது?" என்று கூட்டத்தில் வேலாயி நியாயமாகவே கேட்டாள்.

கிளாக்கர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் பங்களா காவல்காரர் மூக்கன் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, துரைசாணி விட்டுட்டுப் போன தையல் மெஷின் பின்கட்டுல கெடக்குல்ல? அதுலயும் சிங்கருன்னுதான் போட்டிருக்கு."

கிளாக்கரின் முகம் பளிச்சென்றது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அப்புடிச் சொல்லு! ஒழைச்சது ரெண்டு பேரு, சிங்கரும் ரெண்டு! ஆம்பளைக்குக் காரு, பொம்பளைக்கு மெஷினு. முடிஞ்சுது நியாயம்!"

கூட்டம் கைதட்டியது. ஆனால் வீரய்யாவும் டோரீனும் மழையில் நனைந்த கோழிகள் மாதிரி நின்றார்கள்.

"ஐயா, வந்து..." என்று இழுத்தான் வீரய்யா.

"ஐயா, நான் என்னா சொல்றேன்னா..." என்று தொடங்கினாள் டோரீன்.

"மூச்! இன்னும் ஒரு வார்த்தை பேசினா ரெண்டையும் ஏலத்துல போட்டுருவேன். கையெழுத்தைப் போடுங்க!"

போட்டார்கள். கார் வீரய்யாவின் லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குப் போனது. மெஷின் டோரீனின் வீட்டுக்குப் போனது.

தோட்டத்துக்குக் குழப்பம் அதற்குப் பிறகுதான். சாயங்காலமானால் வீரய்யா டோரீன் வீட்டுப் பக்கம் போனான். சரி, வயசுப் பையன், போகட்டும். ஆனால் அதே நேரத்தில் டோரீன் அவனுடைய லயத்துப் பக்கம் போனாள்! ஆளுக்கொரு பக்கம் போனால் யார் யாரைப் பார்ப்பது? டோரீனின் அம்மா மரியநாயகியிடம் வேலாயி வாயைக் கிளறினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. "அன்னைக்கு அந்த அடி அடிச்சுக்கிட்டதுங்க!" என்று தோட்டம் வாயைப் பிளந்தது. பையன் மாரியம்மன் கோயில், பெண் மாதா கோயில். எங்கே தாலி கட்டுவது என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தபோதே, இருவரும் ஹட்டனில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு, இரண்டு சிங்கர்களோடும் மஸ்கெலியாவுக்குக் குடிபோய்விட்டார்கள்.

தீபாவளிக்கு டோரீனிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் சாக்கில், வேலாயி மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினாள். கொண்டை ஊசி வளைவில் ஹார்ன் அடித்து பஸ்ஸை ஒதுங்க வைத்துவிட்டு, தலையில் கட்டிய துணி பறக்க, சிவப்புக் காரில் ஒருத்தி பறந்தாள். டோரீன் மாதிரி இருந்தது, ஆனால் வேலாயி தன் கண்ணை நம்பவில்லை.

மஸ்கெலியாவில் அவர்களுடைய தையல் கடை வாசலில் கழுத்தில் அளவு நாடாவோடு மெஷினை மிதித்துக்கொண்டிருந்த வீரய்யா, "ரவிக்கையாக்கா? குடுங்க, நான்தான் தைக்கிறது," என்றான்.