பெயர் தரப்படாத பெண்

விசாரணைக் குழுத் தலைவர் பசவராஜ் அந்தப் பத்தியை ஆங்கிலத்தில் படித்து முடித்துத் தாளை மேசைமேல் வைத்தார்.

செங்கல் சூளையில் காய்ச்சல் கண்டு இறந்துபோன குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் பஸ் ஏறுகிறாள். மாநில எல்லையில், பாலாறு சோதனைச் சாவடியில் காவலர் எட்டிப் பார்க்கும்போது அதன் முதுகைத் தட்டிக்கொடுக்கிறாள். தூங்குகிறது என்கிறாள்.

கவின்ராஜின் எம்.ஏ. ஆய்வேட்டில் இருந்த பத்தி அது. அதே வரிகள் அதற்கு முன்பே ஓர் ஆய்விதழில் அச்சாகியிருந்தன, அவனுடைய வழிகாட்டி நம்பியின் பெயரில். இரண்டிலும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

நம்பி மேசை ஓரத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் வராந்தாவில் அவன் தோளில் கைபோட்டுச் சொல்லியிருந்தார்: "சும்னே, பேசாம ஒத்துக்கோ கவின். ஒரு வருஷம்தானே, நான் பாத்துக்கறேன்."

ஒத்துக்கொண்டால் ஆய்வேடு ரத்து. பட்டம் தள்ளிப்போகும். திருடி எழுதியவன் என்று பதிவாகும்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதியது நான்தான், திருத்தித் தரச் சொல்லி சாரிடம் கொடுத்தேன் என்றான்.

அத்தாட்சி?

கையால் எழுதிக் கொடுத்த தாள்கள். திரும்பி வரவில்லை.

தான் சேகரித்ததைப் படித்துப் பார்க்க மாணவர்களுக்குக் கொடுப்பது வழக்கம் என்றார் நம்பி. குரலில் கோபமே இல்லை. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

பசவராஜ் நியாயமான மனிதர். கவின்ராஜ் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் கேட்டார்: "நீ சொல்லுப்பா, யாரு அந்தம்மா? கூப்பிட்டு விசாரிச்சுடலாம். உன்கிட்டதான் சொன்னேன்னு அவங்க சொல்லிட்டா கேஸ் இங்கேயே முடிஞ்சுது."

அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராமக்காள். கவின்ராஜின் அம்மா.

பக்கத்தில் அப்பா ரத்தினசாமி. கதவு திறந்தே இருந்தது. ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, கன்னடம் தெரியும்.

போகாதே என்று அவர் தடுத்தும் சூளைக்குப் போனவள் அவள். அன்றிரவு சொந்த ஊரான அனூர் வந்து சேர்ந்ததும் குழந்தையைப் பாயில் கிடத்தினாள். இப்போதுதான் தூங்கியது, எழுப்பாதீர்கள் என்றாள். விடிந்த பிறகுதான் அழுதாள்.

கடைசி ராத்திரி தன் மகள் தன் பக்கத்தில்தான் தூங்கினாள் என்று ரத்தினசாமி இன்றுவரை நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் அந்த வீடு நின்றது.

கவின்ராஜ் இதை ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தான். விஜயநகரில் சார் வீட்டில், தாள்களைக் கொடுத்த அன்று. அப்பாவுக்குத் தெரியாது சார் என்றபோது நம்பியின் கண் கலங்கியது.

இப்போது நம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது சார்" என்றான் கவின்ராஜ்.

பசவராஜ் பேனாவை எடுத்தார். நம்பி இடையில் குறுக்கிட்டு, நல்ல பையன், தண்டனையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு வருடம் என்று முடிவாயிற்று. சாருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போ என்றார்கள். சொன்னான்.

வெளியே வந்ததும் அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பாதான் எழுந்து வந்து முதுகைத் தடவினார்.

"விடு கண்ணு, ஒரு வருசந்தானே. உங்க நம்பி வாத்தியாரு இருக்கறாரு, பாத்துக்குவாரு. தங்கமான மனுசன். அம்மா மட்டும் வந்தாப் போதும்னு ஆபீசுல சொல்லிப்போட்டாங்க. அவருதான் அப்புறம் எனக்குத் தனியாப் போன் போட்டு, நீங்களும் கட்டாயம் கூட வரோணும்னு சொன்னாரு."