ரெண்டு பூட்டுப் போட்ட படம்

திரையில் அப்பா வந்ததும் அரிகரன் எழுந்து நின்று கைதட்டினான்.

மண்டபமும் சேர்ந்து தட்டியது. தட்டாமல் என்ன செய்யும், பின்கட்டில் அவன் போடும் பிரியாணி தம்மில் இருந்தது.

பாகூரில் காலை பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்துச் சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுப் படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன், ஏரி வற்றிக் கிடந்த கோடையில் அங்கேயே எடுத்த கௌபாய் படம். கடலூரில் மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் பெட்டியோடு காணாமல் போனது.

பெட்டி எங்கேயும் போகவில்லை. அரிகரன் வீட்டுப் பரணில், தார்ப்பாயில் சுற்றி, ரெண்டு பூட்டுப் போட்டு இருந்தது. சாகும்வரை அப்பா அதை யாரையும் தொடவிடவில்லை. படத்தின் மேல் மனுஷனுக்கு அவ்வளவு உசுரு என்று அரிகரன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் அம்மா விருத்தாம்பாள். முதல் வரிசையில், பட்டுப்புடவையில், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பாண்டியிலிருந்து வந்த திரைப்படச் சங்கத்துத் தம்பி, இது தமிழ் சினிமா தொலைத்துவிட்ட பொக்கிஷம், சாவை வைத்துச் சிரிக்கவைக்கும் படம் என்று கால் மணி நேரம் பேசினார். அரிகரன் காதில் விழுந்தது அப்பா பெயர் மட்டும். அது போதும். படம் முடிந்ததும் எம்.எல்.ஏ. எழுந்து, ஏரிக்கரையில் கட்டப்போகும் வளைவுக்கு 'ராமு நினைவு வளைவு' என்று பெயர் அறிவிப்பார். ரெண்டு வருஷம் நாயாக அலைந்து வாங்கிய பெயர் அது.

அவனும் மைக்கைப் பிடித்துப் பெருமை பேசியிருந்தான். நிலம் தந்தவர் அப்பா, ஆள் தந்தவர் அப்பா. கேட்டது ஒரு வேஷம், ஒரே ஒரு நிபந்தனை. காலனி ஆட்கள் நிற்கிற ஷாட்டில் அவர் நிற்க மாட்டார். டைரக்டரும் மரியாதை தெரிந்தவர், அப்பாவைத் தனியாக ஒரு நாள் எடுத்தார். மூங்கில் கழியில் சிவப்புத் துணி கட்டி, அதுதான் குதிரைமேல் இருக்கிற மெட்ராஸ் நடிகர் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். கன்னத்தில் ரத்தக் காயம் என்று சிவப்புச் சாயம் பூசினார். அப்பா துணியைப் பார்த்தே நடிப்பில் பிய்த்து உதறிவிட்டார்.

இதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த காலனிக்காரர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது திரையில் அப்பா தூக்குமரத்தடியில் மண்டியிட்டார். தொப்பியைக் கழற்றினார். அண்ணாந்து பார்த்தார்.

"எசமான், உங்க பூட்ஸைத் தொடச்சிக்கிட்டுக் கெடக்கறேன். உசுர மட்டும் வுட்டுடுங்க எசமான்!"

என்ன நடிப்பு. அரிகரனுக்குக் கண் கலங்கியது.

அடுத்து குதிரை வந்தது. அதன்மேல் கறுப்பு முகமூடி போட்ட தூக்குக்காரன். தும்மினவன், கொட்டாவி விட்டவன் என்று படம் முழுக்க ஊரையே தொங்கவிட்டு, கடைசியில் உத்தரவு போட்ட ஷெரீப்பையும் தொங்கவிட்டு, அவன் நட்சத்திர பேட்ஜைத் தன் சட்டையில் குத்திக்கொண்டவன்.

அவன் முகமூடியைக் கழற்றினான்.

சுப்புராயன்.

அப்பாவின் கழனியில் முப்பது வருஷம் ஏர் ஓட்டிய சுப்புராயன். என்னைக் குதிரையில் ஏத்தினாங்க என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஊர் சிரித்திருக்கிறது.

திரையில் அவருக்கு இருபத்தைந்து வயது. ஆற அமர வெற்றிலையைக் குதப்பினார். கீழே பார்த்தார். துப்பினார்.

மறுபடி அப்பா. கன்னத்தில் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே கும்பிட்டார்.

மண்டபத்தில் எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. அங்கே நிஜச் சுப்புராயன் பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். பிறகு, எதற்கு என்று நினைத்தவர் போல உட்கார்ந்துகொண்டார். அவரையும் தனியாகத்தான் எடுத்தார்கள். தரையைப் பார்த்துத் துப்பு என்றார்கள், யார்மேல் என்று சொல்லவில்லை.

எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்பியது. அப்புறம் கூரை பிய்ந்துபோகும் அளவுக்குக் கைதட்டல். எம்.எல்.ஏ. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். போன் அடிக்கவே இல்லை.

வளைவு போயிற்று என்று அரிகரனுக்குத் தெரிந்தது. ரெண்டு பூட்டு எதற்கு என்றும் தெரிந்தது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக் குனிந்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், புருஷனை இந்தக் கோலத்தில் பார்க்க யாருக்கு மனசு வரும். படத்தை நிறுத்தச் சொல்ல அவன் பாய்ந்து எழுந்தான்.

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நிமிர்ந்த முகத்தில் கண்ணீர் இருந்தது. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். அப்பா இருந்தவரை அந்த வீட்டில் அவள் சிரித்து அவன் கேட்டதில்லை.

"அன்னிக்குக் கடலூர்ல, அவன் துப்பினதுமே என்னைப் பாதியில எழுப்பி வூட்டுக்கு இட்டாந்துட்டாருடா உங்கப்பா" என்றாள். "உக்காரு. மீதியப் பாக்கணும்."