ஊசிக்கு வந்தவர்கள்

“யார் யாரு ஊசி போட வந்தீங்க? எந்திரிச்சு நில்லுங்க பார்ப்போம்!”

கிளினிக் வாசலில் சவரிமுத்துவின் குரல் கேட்டதும் பெஞ்சில் இருந்த பெண்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் சபைத் தலைவர் அவர். வேதக்காரர்களே நிறைந்த அந்த லயத்து வீடுகளில் நல்லதோ கெட்டதோ அவரைக் கேட்காமல் நடக்காது.

வரிசையில் முதல் ஆள் ஜீவராணி. மூன்றாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். இன்னொன்றை உடம்பு தாங்காது என்று நுவரெலியாவில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கர்ப்பத்தடை ஊசி இந்தத் தடவை கொஞ்சம்தான் வந்திருக்கிறதாம். பிள்ளையை நிறுக்கப் போவதாகப் புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாகக் கைக்குழந்தையோடு வந்து இடம் பிடித்திருந்தாள்.

“பிள்ளைங்க ஆண்டவர் கொடுக்கிற வரம். அதை வேணாங்கிறதுக்கு நீங்க யாரு?”

“தலைவரே, எனக்கு டாக்டர்தான்...”

“டாக்டர் பெருசா, ஆண்டவர் பெருசா? நீ இங்க வந்தது ஒன் புருஷனுக்குத் தெரியுமா?”

ஜீவராணி மடியிலிருந்த குழந்தையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மருத்துவிச்சி தர்ஷனா வெளியே வந்தாள். “என்னங்க தலைவரே, வந்தவங்கள ஏன் வெரட்டுறீங்க?”

“நான் எங்க மிஸ் வெரட்டுறேன்? இருக்கிறவங்க இருக்கட்டும். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவ்வளவுதான்.”

அது போதுமானதாக இருந்தது. ஒருத்தி எழுந்தாள், பின்னாலேயே இன்னொருத்தி. மாதா கோயில் பக்கமே போகாத பேச்சியம்மாகூட, நமக்கேன் வம்பு என்று கிளம்பிவிட்டாள். தர்ஷனா பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. ஜீவராணியும் முந்தானையால் குழந்தையைப் போர்த்திக்கொண்டு இறக்கத்தில் இறங்கினாள்.

பாதி வழியில் கால் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மூத்ததுகள் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதது கண்ணுக்குள் வந்தது. நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தால் இந்தத் தலைவர் வந்து பிள்ளைகளுக்குச் சோறு போடுவாரா? பேரைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

கிளினிக் வாசலில் ஈ காக்கை இல்லை. ஆனால் உள்ளேயிருந்து சவரிமுத்துவின் குரல் வந்தது. இப்போது அதில் அதட்டல் இல்லை, குழைவாக இருந்தது. ஜீவராணி கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

ஸ்டூலில் அவர் சம்சாரம் பிலோமினா, சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“சீக்கிரம் போட்டு விடுங்க மிஸ். போன தடவையும் இவளுக்கு முன்னால மருந்து முடிஞ்சு போச்சு. இன்னிக்கும் அத்தன பேரு ஒக்காந்திருந்தா நான் வேற என்னதான் செய்யிறது?”

ஜீவராணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“எனக்குப் போட்டுட்டு அக்காவுக்குப் போடுங்க மிஸ்” என்றாள். “வரிசையில நான்தான் மொத ஆளு.”