மஞ்சள் நீக்கிய முகம்

"சிரிச்ச மொகமா ஒண்ணு எடுத்துக் குடு தம்பி" என்றாள் அற்புதமணி.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். கணவர் ஹென்றி தனியாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மே மாதம் மகள் ஸ்டெபியின் கல்யாணத்துக்கு கிளைட்டன் எடுத்த வீடியோதான் கதி. அதனால் காலையிலேயே அவனுடைய ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள்.

புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். அது மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

கிளைட்டன் கல்யாண ஃபைலைத் திறந்தான். போன வாரம்தான் புது மானிட்டர் வாங்கியிருந்தான். நிறம் அளக்கும் கருவியைத் திரையில் ஒட்டி, வெள்ளையை வெள்ளையாகவே காட்டும்படி செட் பண்ணியிருந்தான். பழையது இருக்கிறதே, அது எதைப் போட்டாலும் மஞ்சளடிக்கும். திரேஸ்புரம் கடலையே மஞ்சளாகக் காட்டிய சனியன் அது.

கேமரா பிடித்த காட்சி அப்படியே திரையில் வந்தது. கோயில் வாசல். ஸ்டெபியின் கவுன் பால் வெள்ளை. சாமியாரின் அங்கி வெள்ளை. சுற்றி நிற்கிற அத்தனை பேர் கண்ணும் வெள்ளை.

ஹென்றி அண்ணன் கண் மட்டும் மஞ்சள்.

கிளைட்டன் படத்தை அங்கேயே நிறுத்தினான்.

இது அவனுக்குப் புதிதா என்ன? மே மாதமே பார்த்தவன்தானே. பழைய மானிட்டரில் எல்லாரையும் சரிசெய்து முடித்த பிறகும் இவர் முகம் மட்டும் மஞ்சளாகவே நின்றது. அந்த மாதத்தில் அவனுக்கு நாலு கல்யாணம். 'இந்த மானிட்டரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருக்கே' என்று திட்டிக்கொண்டே, ஹென்றியின் முகத்துக்கு மட்டும் தனியே வட்டம் போட்டு மஞ்சளை வழித்தெடுத்தான். பிறகு எழுந்துபோய் டீ குடித்தான்.

அட மடையா, கவுன் வெள்ளையாக இருக்கும்போது கண் மட்டும் மஞ்சளாக இருந்தால் கோளாறு மானிட்டரிலா இருக்கும்?

போன மாதம் ஹென்றி வள்ளத்தில் வலை இழுக்கும்போது மயங்கி விழுந்தார். பித்தக் குழாயில் அடைப்பாம். சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ரெண்டு மாதம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது திரேஸ்புரம் முழுக்கத் தெரியும்.

கிளைட்டன் பதறிப்போய் ஒரு பட்டனைத் தட்டினான். அன்றைக்குச் செய்த திருத்தம் வந்து உட்கார்ந்தது. கண் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. நல்லவேளை, அற்புதமணி அதுவரை அட்டையில் போட வேண்டிய ஜெபத்தைக் கைப்பைக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இதேதாம்யா. இதத்தான் அவுக டிவியில போட்டுப் போட்டுக் காட்டுவாக. ஏளா, இங்கன பாரு, எங்கண்ணு வெள்ளையாத்தான இருக்கும்பாக."

"ஒங்களுக்கு எதுக்குக்கா காட்டணும்?"

"பொறவு? அவுக கண்ணு மஞ்சளா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு தெனமும் நச்சரிச்சேம்லா. கேட்டாதான? ஒனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சுன்னு சிரிச்சிட்டு, கையோட கூட்டிட்டுப் போயி இந்தக் கண்ணாடிய வாங்கி மாட்டிவிட்டாக. நானும் அதோட வாய மூடிட்டேன்."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

பாவி, நான்தான், நான்தான் என்று கிளைட்டனுக்கு உள்ளே அடித்துக்கொண்டது. பிரிண்ட் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வெள்ளைக் கண்ணோடு அட்டை வரும், பூசை முடியும், ஒரு குஞ்சுக்கும் தெரியப்போவதில்லை. மௌஸ் மேல் கை வைத்தான்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று திருத்தத்தை எடுத்துவிட்டான். "இதுதான் கேமரா புடிச்சது. முன்னாடி பாத்த வெள்ளை நான் போட்டது. ஒங்க வீட்டு டிவியில ஓடுனதும் அதான்."

திரையில் ஹென்றி மஞ்சள் கண்ணோடு மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அற்புதமணி கண்ணாடியைக் கழற்றினாள். வெறுங்கண்ணால் மறுபடியும் பார்த்தாள். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள்.

"அப்ப, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா தம்பி?"